உப்புநீரில் ஊறவைத்த கீரை ஏன் இரண்டே நாளில் அழுகுகிறது?

கேள்வி: வாங்கி வந்த கீரையை அன்றே நறுக்கி, உப்புக் கலந்த நீரில் அரைமணி நேரம் ஊறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் எடுத்து வைக்கிறேன். இரண்டு நாளில் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. என் மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. பச்சை இலைகளைச் சாலட்டாக விரும்பி உண்கிறாள். காய்கறி கழுவுவதற்கென்றே விற்கும் திரவத்தை நான் பயன்படுத்த வேண்டுமா?

பதில்: உங்கள் அக்கறையில் குறையில்லை, மாற வேண்டியது வேலைகளின் வரிசைதான். நீங்கள் முதலில் நறுக்கி, பிறகு கழுவி, ஈரத்தோடு எடுத்து வைக்கிறீர்கள். கீரையைப் பொறுத்தவரை இந்த மூன்றும் ஒன்றையொன்று கெடுப்பவை. நறுக்கிய இலையின் வெட்டுவாயிலிருந்து சாறு கசிகிறது. அந்தச் சாறு நுண்ணுயிரிகளுக்கு உணவாகிறது. அதே வெட்டுவாய் வழியே அவை இலைக்குள் நுழைந்தும் விடுகின்றன. அதன் பிறகு எத்தனை முறை அலசினாலும் உள்ளே சென்றவற்றை வெளியே கொண்டுவர முடியாது. நீரில் கரையும் வைட்டமின் சி, ஃபோலேட் போன்ற சத்துகளும் அந்த வழியாகவே வெளியேறுகின்றன. மேற்பரப்பில் எஞ்சிய ஈரம் மிச்ச வேலையை முடித்து இலையை அழுகச் செய்கிறது.

ஆகவே, வாங்கி வந்ததும் கீரையை ஆய்ந்து மட்டும் வையுங்கள். பழுத்ததையும் அழுகியதையும் நசுங்கியதையும் நீக்கி, உலர்ந்த துணியிலோ காகிதத் துண்டிலோ தளர்வாகச் சுற்றி, 5 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத குளிரில், பச்சை இறைச்சியும் மீனும் இருக்கும் தட்டுக்கு மேலே வைக்க வேண்டும். அவற்றின் நீர் கீரையில் ஒரு சொட்டும் விழக்கூடாது. கழுவுவதைச் சமைக்கும் அல்லது உண்ணும் நேரத்துக்கு ஒத்திப் போடுங்கள்.

உப்பைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஒரு லிட்டர் நீரில் இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரைத்தால் ஏறத்தாழ ஒரு சதவீதக் கரைசல் கிடைக்கும். நம் இரத்தத்தின் உப்புத்தன்மையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். நோய் உண்டாக்கும் ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அதில் மடிவதில்லை. இலையிடுக்கில் ஒளிந்திருக்கும் சிறு புழுக்களும் பூச்சிகளும் பிடி தளர்ந்து வெளியே வர உப்பு உதவும். அதற்கு ஐந்து நிமிடம் போதும். அரைமணி நேரம் ஊறும்போது நடப்பது வேறு: ஒரே ஓர் இலையில் இருந்த கிருமி அந்த நீரின் வழியாகப் பாத்திரம் முழுவதும் பரவிவிடுகிறது.

கழுவும் திரவம் வேண்டாம். சோப்பும் வேண்டவே வேண்டாம். இலை நுண்துளைகள் நிறைந்தது. சோப்பை உறிஞ்சிக்கொண்டால் அது உணவோடு வயிற்றுக்குள் செல்லும். உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் பல வீடுகளுக்குப் பரிந்துரைப்பது குடிக்கத் தகுந்த, ஓடும் நீரையே. பூச்சிமருந்து எச்சத்துக்காகச் சமையல் சோடாவைச் சிலர் சொல்வார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் சமையல் சோடாக் கரைசலில் 12 முதல் 15 நிமிடம் வைத்து இரண்டு பூச்சிமருந்துகளை மேற்பரப்பிலிருந்து நீக்கிக் காட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் சோதித்தது ஆப்பிளை, தோலுக்குள் ஊடுருவிய மருந்தை அந்தக் கரைசலாலும் எடுக்க முடியவில்லை. மெல்லிய இலைக்கு அந்த முடிவை அப்படியே பொருத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

கழுவும் முறை எளியது, ஆனால் நுணுக்கம் உண்டு. முதலில் கைகளைச் சோப்பிட்டு 20 விநாடி கழுவுங்கள். வேரையும் மண் ஒட்டிய அடித்தண்டையும் வெட்டி நீக்கி, கட்டாக இருப்பதைப் பிரித்து, அகன்ற பாத்திரத்தில் நிறைய நீர் ஊற்றி இலைகளை முழுதாகவே அமிழ்த்தி அலசுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியை நிரப்பி அதற்குள் கீரையைப் போடாதீர்கள். வீட்டில் கிருமிகள் மிகுந்த இடங்களில் அதுவும் ஒன்று. சற்றுப் பொறுத்தால் மண் அடியில் படியும். அப்போது கீரையைக் கையால் மேலே அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தோடு வடிதட்டில் கவிழ்த்தால் படிந்த மண் முழுவதும் மீண்டும் இலைமேல் வந்து சேரும். பாத்திரத்தின் அடியில் மணல் தட்டுப்படாமல் போகும் வரை நீரை மாற்றி மாற்றி அலசி, கடைசியாக ஓடும் நீரில் காட்டி, சுத்தமான துணியில் ஒற்றி, பிறகு நறுக்குங்கள்.

இவ்வளவு செய்தாலும் கீரை கிருமியற்றதாகிவிடாது. நன்றாகக் கழுவினால் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை பெரும்பாலும் பத்தில் ஒரு பங்காகவோ, மிஞ்சிப்போனால் நூறில் ஒரு பங்காகவோ குறையும், அவ்வளவே. 2006இல் அமெரிக்காவில் பொட்டலமிட்ட பசலைக்கீரையால் ஈ.கோலை பரவி ஏறத்தாழ 200 பேர் நோயுற்றார்கள், மூவர் இறந்தார்கள்; அது ஆலையில் கழுவிப் பொட்டலமிட்ட கீரை.

உங்கள் மகளைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன், அம்மா. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் பெருகக்கூடியது. தாய்க்கு லேசான காய்ச்சலாகத் தோன்றினாலும் கருவைக் கலைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. மண்ணிலிருந்து வரும் டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணியும் கருவைத் தாக்கும். ஆதலால் பேறுகாலம் வரை பச்சை இலையைத் தவிர்த்து, சமைத்த கீரையையே கொடுங்கள். உணவின் நடுப்பகுதி 70 டிகிரியை எட்டி இரண்டு நிமிடம் நிலைத்தால் லிஸ்டீரியா அழியும். கொதிநிலையில் வேகும் கீரை இதை எளிதில் தாண்டிவிடும். ஃபோலேட்டில் ஒரு பகுதி குறையும் என்ற கவலை இருந்தால், சிறிது நீரில் வேகவைத்து, அந்த நீரையும் உணவிலேயே சேர்த்துவிடலாம். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். மிச்சம் இருந்தால் ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி விரைவாக ஆறவிட்டுக் குளிரில் வைத்து, மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கிக் கொடுங்கள்.