மாத்திரையும் சாப்பாடும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைச் சில வருடங்களாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. என் தம்பிக்கு 27 வயது, பெங்களூரில் வேலை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாதம் முழுக்கத் தூங்காமல், கண்ட இடத்தில் கடன் வாங்கி, என்னென்னவோ தொழில் ஆரம்பிக்கிறேன் என்று அலைந்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அளவுமீறிய உற்சாகமும் கடும் சோர்வும் மாறிமாறி வரும் பைபோலார் நோய் என்றார்கள். லித்தியம், ஓலான்சபின் என்ற மாத்திரைகள் சாப்பிடுகிறான். இப்போது நன்றாக இருக்கிறான், ஆனால் 18 கிலோ எடை கூடிவிட்டது. மாவுச்சத்தை விட்டுக் கொழுப்பை அதிகம் சாப்பிடும் கீட்டோ உணவுமுறையில் இந்த நோய் குணமாகிறது என்று வீடியோக்கள் பார்த்துவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து சோறு இட்லி எல்லாவற்றையும் விட்டு, மாத்திரையையும் நிறுத்தப்போவதாகச் சொல்கிறான். அம்மாவும் அவன் பக்கம். டாக்டரிடம் கேட்டேன். சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்லுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். யார் சொல்வது சரி? சாப்பாட்டுக்கும் மனநோய்க்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

பெயர் வெளியிட வேண்டாம்.

சி.

*

அன்புள்ள சி.,

முதலில், தம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. மற்றதையெல்லாம் பிறகு நிதானமாக வாசித்துக்கொள்ளலாம், இதை இன்றைக்கே அவரிடம் பேசிவிடுங்கள். லித்தியத்தைத் திடீரென்று நிறுத்துகிறவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம், தற்கொலை ஆபத்தும் கூடுகிறது. நன்றாக இருப்பதே மாத்திரையால்தான் என்பது நன்றாக இருக்கும்போது யாருக்கும் தோன்றாது, அவர்மேல் கோபப்படாதீர்கள்.

சரி, உங்கள் கேள்வி. தொடர்பு உண்டு. சம்பந்தமே இல்லை என்று உங்களிடம் சொன்னது தவறு. அப்படிச் சொல்லி அனுப்பினால் அந்த வீட்டுப் பிள்ளை வேறு எங்கே போவான், வீடியோவுக்குத்தான் போவான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, எங்கள் வீட்டில் பார்த்தேன். அப்பா கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பக்கத்துக் கூட்டலை விரல் மடக்காமல் போடுவார். 68 வயதில் அவர் மாறத் தொடங்கினார். பால்காரர் தண்ணீர் கலக்கிறார், அது கூட யாரும் சொல்வதுதான், ஆனால் அப்பா அந்தத் தண்ணீரில் மருந்து கலந்திருப்பதாகச் சொன்னார். ராத்திரியில் எழுந்து பீரோ சாவியை எண்ணுவார். பேப்பர் படிப்பதை நிறுத்தினார், காரணமில்லாமல் அழுதார். வயசாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஒரு மனநல மருத்துவர் தூக்கத்துக்கும் சோர்வுக்கும் மாத்திரை கொடுத்தார், எட்டு மாதம் சாப்பிட்டும் பெரிய மாற்றமில்லை. அந்த நாட்களில் ஒருமுறை கடைத்தெருவில் அவருடைய இடது கால் செருப்பு கழன்றுவிட்டது, அது கழன்றதே தெரியாமல் ஒற்றைச் செருப்போடு சித்திரை வெயிலில், தார் ரோட்டில், முப்பது அடி நடந்துவிட்டார். செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடியது நான்தான். சூடு தெரியவில்லையா என்று கேட்டேன். "என்ன சூடு?" என்றார். எனக்கு அப்போதும் புரியவில்லை. ரசம் நாக்கில் எரிகிறது என்று அம்மாவிடம் தினமும் சண்டை போட்டதும் அதே சமயத்தில்தான், அதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

கடைசியில் சர்க்கரை பரிசோதனைக்குப் போன இடத்தில் ஒரு இளம் மருத்துவர், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, இசைக்கவையைத் தட்டி அப்பாவின் கணுக்காலில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார், வழவழவென்று சிவந்திருந்தது. எத்தனை வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை என்றார், பன்னிரண்டு வருடம் என்றேன். அசைவம் உண்டா என்றார், முட்டைகூடக் கிடையாது. பி12 என்ற வைட்டமின் அளவு பார்க்க எழுதிக்கொடுத்தார். 200க்குக் கீழே போனாலே குறைபாடு என்கிறார்கள், அப்பாவுக்கு 98 இருந்தது.

ஊசி போட ஆரம்பித்தார்கள், முதலில் தினமும், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. ஆறேழு வாரத்தில் சந்தேகம் போய்விட்டது. ஒரு நாள் காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தவர், அம்மாவிடம், "நான் என்னவெல்லாம் பேசினேன்?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போய் அவருக்குக் காபி எடுத்துவந்தாள். கால் மரத்துப்போனது மட்டும் முழுசாகத் திரும்பவில்லை, நரம்பு விஷயத்தில் நாங்கள் தாமதித்துவிட்டோம்.

பி12 செடிகொடிகளில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், கறி, ஈரல் இவற்றில்தான் இருக்கிறது. கல்லீரலில் சில வருடத்துக்கான சேமிப்பு இருப்பதால் குறைவது உடனே தெரியாது. மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் குடல் அதை உறிஞ்சுவதும் குறைகிறது. நம் ஊரில் சைவமும் சர்க்கரையும் ஒன்றாக இருக்கும் வீடுகள் எத்தனை, யோசித்துப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய கதை ஒன்று உண்டு. நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெல்லாக்ரா என்று ஒரு நோய். தோல் கருத்து உரியும், வயிறு போகும், அப்புறம் புத்தி பேதலிக்கும், பலர் மனநோய் விடுதிகளிலேயே செத்தார்கள். தொற்றுநோய் என்றுதான் நினைத்தார்கள். 1914இல் அரசு அனுப்பிய ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் ஜார்ஜியா மாநில மனநோய் விடுதியில் கவனித்தது, உள்ளே இருப்பவர்களுக்கு வரும் நோய் அவர்களோடேயே புழங்கும் ஊழியர்களுக்கு வருவதில்லை என்பதை. தொற்று என்றால் ஆள் பார்த்தா ஒட்டும்? நோயாளிகளின் தட்டில் மக்காச்சோள மாவும் வெல்லப்பாகும் கொழுப்புத் துண்டும், ஊழியர்களுக்குப் பாலும் முட்டையும் கறியும். பாலும் கறியும் பருப்பும் கொடுத்துப் பார்த்தார், நோய் நின்றது. 1915இல் மிசிசிப்பி சிறைப் பண்ணையில், விடுதலை தருவதாகச் சொல்லிச் சேர்த்த கைதிகளுக்குப் பெரும்பாலும் மக்காச்சோளச் சாப்பாடே கொடுத்தார், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது. கைதிகளை வைத்து அப்படிச் செய்தது சரியா என்றால் என் மனம் ஒப்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் நம்பாதவர்களுக்காக அவரும் அவர் மனைவியும் சில நண்பர்களும் நோயாளிகளின் ரத்தத்தையும் கழிவையும் தங்கள் உடம்பிலேயே செலுத்திக்கொண்டார்கள், ஒருவருக்கும் நோய் வரவில்லை. குறைந்தது நியாசின் என்ற சத்து என்று 1937இல்தான் தெரிந்தது, அதைக் கொடுத்துச் சில நாட்களிலேயே பிதற்றல் தெளிந்தவர்களைப் பற்றி அக்கால மருத்துவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். கோல்ட்பெர்கர் 1929லேயே இறந்துபோனார்.

நம் பக்கமும் பெல்லாக்ரா இருந்தது. தக்காணத்தில் ஜோவர் என்னும் நாட்டுச் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் அதைப் பார்த்து ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன். குன்னூரில் இருந்து 1958இல் ஹைதராபாத்துக்கு மாறிய ஊட்டச்சத்து ஆய்வகத்தில் இருந்துகொண்டு, சோளத்தில் அதிகமாக உள்ள லூசின் என்ற அமினோ அமிலம் இதற்குக் காரணமாகலாம் என்று 1960இல் எழுதினார். அந்தக் கருத்தில் பிறகு சர்ச்சை உண்டு, ஆனால் வறுமைத் தட்டுக்கும் மனநோய்க்கும் உள்ள வழியை நம் மண்ணில் நின்று பார்த்தவர் அவர்.

இத்தனையும் உங்கள் டாக்டரின் அந்த ஒரு வரிக்கான பதில். இனி தம்பிக்கு.

என் அப்பாவுக்கு இருந்ததும் அந்த விடுதிகளில் இருந்தவர்களுக்கு இருந்ததும் குறைபாட்டு நோய். எது குறைந்ததோ அதைக் கொடுத்தார்கள், தெளிந்தது. தம்பிக்கு இருப்பது அந்த வகை இல்லை. பைபோலாருக்கு இன்ன சத்துக் குறைவுதான் காரணம் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. வீடியோக்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகின்றன. முதல் வகைக் கதையைச் சொல்லிக் கண்ணில் நீர் வரவைத்துவிட்டு, இரண்டாம் வகைக்கும் அதேதான் என்று முடித்துவிடுகிறார்கள். மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற ரசாயனம் 90 சதவீதம் குடலில் உண்டாகிறது, ஆகவே குடலைச் சரிசெய்தால் மனம் சரியாகும் என்பதும் இப்படித்தான். குடலில் உண்டாவது உண்மை, ஆனால் அந்த செரட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது, மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது.

கீட்டோவை நான் கேலி செய்யமாட்டேன். 1921லிருந்து வலிப்பு நோய்க்கு அது சிகிச்சையாகவே இருக்கிறது. மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டால் கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன்களை உண்டாக்குகிறது, மூளை குளுக்கோஸுக்குப் பதில் ஓரளவு அதை எரிக்கிறது. உடம்பு எடையில் 2 சதவீதம் இருக்கும் மூளை உடம்பின் சக்தியில் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது, அதன் எரிபொருளை மாற்றினால் ஏதும் ஆகாது என்று எப்படிச் சொல்ல முடியும்? வலிப்பு மருந்துகள் சில பைபோலாருக்கும் கேட்கின்றன, அதனால் கீட்டோவும் கேட்குமா என்பது நியாயமான கேள்விதான். 2024இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பைபோலார் அல்லது ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் உள்ள 21 பேருக்கு நான்கு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். எடை குறைந்தது, பலருக்கு மனநிலையும் முன்னேறியது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை. அவர்கள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், மருத்துவர்கள் கண்காணித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2017இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு இருந்தது. மனச்சோர்வு உள்ள 67 பேர், ஒரு பாதிக்குக் காய், பயறு, முழுத் தானியம், மீன் என்று சாப்பாட்டைத் திருத்தினார்கள், மறு பாதியோடு அதே நேரம் சும்மா பேசிக்கொண்டிருந்தார்கள், பன்னிரண்டு வாரத்தில் முதல் குழுவில் 32 சதவீதம் பேரும் மற்றதில் 8 சதவீதம் பேரும் நோய்நிலையிலிருந்து வெளியே வந்தார்கள். சிறிய ஆய்வுதான், யாருக்கு என்ன தருகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியும், அதையும் கணக்கில் எடுக்கவேண்டும். அங்கேயும் சிகிச்சையில் இருந்தவர்கள் அதை விடவில்லை.

உணவுக்கு மருந்தின் பலம் இருக்கிறது என்று தம்பி நம்பினால், மருந்துக்குள்ள ஆபத்தும் அதற்கு இருக்கும் என்பதையும் அவர் ஒத்துக்கொள்ளவேண்டும். லித்தியத்தில் இது நேரடியான விஷயம். சிறுநீரகம் லித்தியத்தையும் உப்பையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கையாள்கிறது. கீட்டோ தொடங்கிய முதல் வாரங்களில் சிறுநீர் அதிகமாகப் போகும், கூடவே உப்பும் போகும், உடனே சிறுநீரகம் இருக்கிற உப்பைப் பிடித்துவைக்கப் பார்க்கும், லித்தியமும் சேர்ந்து தங்கிவிடும். ரத்தத்தில் அது இருக்கவேண்டியது சுமார் 0.6 முதல் 1.0 வரை, 1.5ஐத் தாண்டினால் நஞ்சு, இடைவெளி அவ்வளவுதான். கை அதிகமாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், நாக்குக் குழறுவது, இதில் எது வந்தாலும் அடுத்த வேளைக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கீட்டோ என்று மட்டுமில்லை, கடும் விரதம், உப்பில்லாப் பத்தியம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

பட்டினி தனியாகவே மனதைக் கெடுக்கும். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரம் அரைவயிற்றில் வைத்தார்கள். எடையில் கால்வாசி போனது. அவர்கள் எரிச்சலும் சோர்வுமாகி, பேச்செல்லாம் சாப்பாடாகி, சமையல் புத்தகங்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் கோடாரியால் தன் விரல்களையே வெட்டிக்கொண்டார். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று நாம் சும்மாவா சொன்னோம். 18 கிலோவை மூன்று மாதத்தில் இறக்கிவிடவேண்டும் என்ற வேகத்தில் தம்பி இருந்தால், அந்த வேகத்தைத்தான் முதலில் இறக்கவேண்டும்.

ஆனால் அந்த 18 கிலோ அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டில் யாராவது கேட்டீர்களா? இருபத்தேழு வயதுப் பையன், கண்ணாடியில் வேறு ஆளைப் பார்க்கிறார். மாத்திரையை விடத் தோன்றுவதற்கு அதுவே போதும். அது அவருடைய சோம்பல் இல்லை, ஓலான்சபின் பசியைக் கூட்டும், எடையையும் சர்க்கரையையும் ஏற்றும், மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விளைவு இது. அதற்கு வழியும் இருக்கிறது. வேறு மருந்துக்கு மெல்ல மாற்றலாமா என்று கேட்கலாம், எடையைக் கட்டுப்படுத்தச் சிலருக்கு மெட்ஃபார்மின் சேர்க்கிறார்கள். கொடுத்தால் பி12ஐ மறந்துவிடாதீர்கள், அதை நான் சொல்லியாகவேண்டும்.

அந்த மருத்துவர் பேச நேரம் தரவில்லை என்றால் வேறொருவரிடம் போங்கள், அது துரோகம் இல்லை. போகும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு, கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தைராய்டு கடைசியாக எப்போது பார்த்தது என்பதைத்தான் முதலில் கேட்கவேண்டும், ஏனென்றால் லித்தியம் தைராய்டைக் குறைக்கக்கூடும், தைராய்டு குறைந்தால் எடையும் ஏறும் சோர்வும் வரும், அதைச் சாப்பாட்டால் சரிசெய்ய முடியாது, மாத்திரையால் சுலபமாக முடியும். லித்தியம் அளவு, சிறுநீரகம், கால்சியம், மூன்று மாதச் சர்க்கரை, பி12, இவையும் அந்தத் தாளில் இருக்கட்டும். அப்புறம் கீட்டோவைப் பற்றியே கேளுங்கள், ஒளிக்கவேண்டாம். கண்காணிப்போடு செய்யலாம் என்றால் செய்யட்டும், வேண்டாம் என்றால் ஏன் என்று விளக்கச் சொல்லுங்கள்.

இதற்கிடையில் ராத்திரி பதினொரு மணிக்கு ஆப்பில் வரும் பிரியாணியையும், நாளைக்கு ஐந்து முறை சர்க்கரை போட்ட காபியையும் விடுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். (அவர் அப்படிச் சாப்பிடுகிறாரா என்று எனக்குத் தெரியாது, பெங்களூரில் தனியாக இருக்கும் பையன்களைப் பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன்.) சுண்டல், கீரை, முட்டை, மத்தி மீன், மோர், எல்லாம் பழகிய சாப்பாடுதான். உப்பையும் தண்ணீரையும் மட்டும் வழக்கம்போலவே வைத்துக்கொள்ளட்டும். சாப்பாட்டு நேரமும் தூங்கும் நேரமும் தினமும் ஒன்றாக இருக்கட்டும், பைபோலாரில் தூக்கம் கெட்டால்தான் மற்றதெல்லாம் கெடும்.

அம்மாவிடம் என் அப்பாவின் செருப்புக் கதையைச் சொல்லுங்கள், நோய் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் நாங்கள் எட்டு மாதம் ஓட்டியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தைராய்டு ரிப்போர்ட் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.