பெண்களுக்கு ஏன் ஆண்களைவிடப் பக்தி அதிகம்?

நீங்களும் திருகோணமலைதான் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் பத்திரகாளி அம்மன் கோயிலடியில் நின்றால் யாருக்கும் இந்தக் கேள்வி வரும். ஆனால் அதே நாள் மதியம் கிண்ணியாவில் ஒரு பள்ளிவாசலடியில் நின்றிருந்தால் தலைகீழாகக் கேட்டிருப்பீர்கள். ஜும்ஆ என்கிற வெள்ளி மதியக் கூட்டுத் தொழுகை ஆண்களுக்குக் கடமை, பெண்களுக்கு இல்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2016இல் வெளியிட்ட உலக ஒப்பீட்டில், ஏதோவொரு சமயத்தைச் சேர்ந்தவர் என்று சொல்லும் பெண்கள் 83.4 வீதம், ஆண்கள் 79.9 வீதம். வாராந்த வழிபாட்டுக்குப் போவதில் கிறிஸ்தவர்களில் பெண்கள் கூட, முஸ்லிம்களில் ஆண்கள் கூட. பெண்மனம் இயல்பிலேயே பக்தியானது என்றால் சமயத்துக்குச் சமயம் இப்படிப் புரளக் கூடாது.

பெண்கள் ஆபத்துக்குப் பயந்தவர்கள், அதனால்தான் என்று ஒரு கட்சி உண்டு. 1995இல் மில்லர், ஹொஃப்மன் என்ற சமூகவியலாளர்கள் எழுதியது. வள்ளத்துக்குக் கர்ப்பூரம் காட்டிவிட்டுக் கடலுக்குப் போகிற ஆண்களை அந்தக் கணக்கில் எங்கே வைப்பது?

என் கருத்து: யாருக்கு என்ன வேலை ஒதுக்கப்பட்டதோ, அதைத்தான் பக்தி என்று எண்ணுகிறோம். கேதார கௌரி விரதத்தையே எடுங்கள். 21 நாள், ஐப்பசி அமாவாசையில் முடியும். ஒருநேரச் சாப்பாடு. மச்சச் சட்டிகள் தனியே போகவேண்டும். வீட்டில் மற்றவர்கள் மச்சம் கேட்டால் இரண்டு சமையல். முடிவில் 21 வெற்றிலை, 21 பாக்கு, 21 பழம், 21 அரியதரம், 21 இழையில் 21 முடிச்சுப் போட்ட காப்பு. அரியதரத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, ஈரம் காயமுன் இடித்து அரிக்கவேண்டும். பாகைத் தண்ணீரில் ஒரு துளி விட்டால் மெத்தென்று உருண்டு வரவேண்டும். இளகினால் மா எண்ணெயில் பிரிந்துபோகும், முற்றினால் கல். குழைத்த மா ஓர் இரவாவது கிடக்கவேண்டும். ஆண்களும் காப்புக் கட்டுகிறார்கள், வலக்கையில். அவர்களுடைய அரியதரத்தை யார் சுடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இதற்குமேல் துடக்குக் கணக்கு. 28 நாள் சுழற்சி, 5 நாள் விலக்கு என்றால் இடையில் மிஞ்சுவது 23 நாள். விலக்கு முடிந்த கையோடு விரதம் தொடங்கினால் ஒழிய 21 நாள் தடங்கலில்லாமல் கிடைக்காது. அதனால் விலக்கைத் தள்ளிப்போட நோரெதிஸ்டரோன் குளிசை. வழமையாக 5 மில்லிகிராம், நாளுக்கு மூன்று தரம், விலக்கு வரும் திகதிக்கு மூன்று நாள் முன்பிருந்தே. வந்த பிறகு தொடங்கினால் பலன் இல்லை. நேரம் தவறினால் இடையில் கசியும். நிறுத்தி இரண்டு மூன்று நாளில் வரும். இரத்தக்கட்டி வந்தவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள் தொடவே கூடாது. மருந்துக்கடையில் வாய்ச்சொல்லில் வாங்காமல் டொக்டரிடம் கேளுங்கள். விரதத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். கடைசி நாள் மட்டும் பிடிப்பதற்கும் வழக்கத்தில் இடமுண்டு, அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆண்களுக்கென்று விதி இருந்தால் அவர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஐயப்பனுக்கு 41 நாள் மாலை போட்டு, கறுப்புடுத்து, விடியக் குளிர்தண்ணீரில் முழுகுகிறார்கள். அந்த 41 நாளும் சுத்தமாகச் சமைத்துப் போடுகிற மனைவியின் பெயர் எந்தப் பக்திக் கணக்கிலும் வராது.

படித்த பெண்களும் ஏன் இப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பைவிட உழைப்புக்குப் போவதுதான் கூட மாற்றுகிறது போலும்: வேலைக்குப் போகும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் இடையில் வித்தியாசம் குறைவு என்று அதே பியூ அறிக்கை சொல்கிறது. காரணம் எளிது, காலை ஆறரை பஸ்ஸுக்கு ஓடுகிறவளால் இரண்டு சமையல் செய்ய முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நேர்த்தி வைப்பவள் மட்டும் இன்னும் அவள்தான், ஏனென்றால் இரவு முழித்து நெற்றியில் ஈரத்துணி போடுவதும் அவள்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லுகிறேன். பெண்களுக்குத்தான் பக்தி கூட என்று மேடையில் புகழ்கிற கோயில் பரிபாலன சபைகளில் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் யார்? சந்தா குடும்பத் தலைவர் பெயரில். பொதுக்கூட்டத்தில் கை உயர்த்துவது அவர். திருவிழாவுக்கு முதல்நாள் வீதி கூட்டவும் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டவும் மட்டும் மாதர் அணியைக் கூப்பிடுவார்கள். கணக்கறிக்கையின் ஒரு பிரதியையாவது அவர்களுக்குக் கொடுக்கலாமே.