வாசகர் கேள்விகள்: குண்டைக் கண்டுபிடிக்காத கருவி

கேள்வி: போருக்குப் பிறகு இராக்கில் வெடிகுண்டு கண்டுபிடிக்க வாங்கிய கருவி போலி என்று படித்தேன். ஒரு அரசாங்கமே எப்படி ஏமாந்தது?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: அரசாங்கம் ஏமாந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சோதனைச்சாவடியில் வெயிலில் நின்ற போலீஸ்காரர்களும் அந்த வழியாகப் போய்வந்த ஜனங்களும் ஏமாந்தார்கள், அது உண்மை. அந்தக் கருவியின் பெயர் ஏடிஇ 651. ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி, அதில் அசைகிற ஒரு ஆன்டெனா, அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, பிடித்திருப்பவர் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்திலேயே ஓடும் என்று சொல்லி விற்றார்கள். தொலைந்த கோல்ஃப் பந்தைத் தேட என்று அமெரிக்காவில் விற்ற ஒரு மலிவுச் சாமான்தான் இதற்கு மூலம். வெடிமருந்தை அடையாளம் காணும் என்று சொன்ன அட்டையை 2010-ல் கேம்பிரிட்ஜில் பிரித்துப் பார்த்தபோது, கடைகளில் திருட்டைத் தடுக்கத் துணிமணியில் ஒட்டுகிற சில்லு மட்டுமே உள்ளே இருந்தது.

இதை ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற முன்னாள் பிரிட்டிஷ் போலீஸ்காரர் ஆயிரக்கணக்கில் விற்றார். 2008 முதல் 2010 வரை இராக் கொடுத்த பணம் 8 கோடி டாலருக்கு மேல். வாங்கியது ராணுவம் இல்லை, உள்துறை அமைச்சகம். ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்துத் திறந்து பார்த்திருந்தாலே விஷயம் தெரிந்திருக்கும், ஆனால் திறந்து பார்க்க வேண்டிய இடத்தில் இருந்தவர்களுக்குக் கமிஷன் போய்ச் சேர்ந்துவிட்டது. குண்டு தடுப்புப் பிரிவின் தலைவராக இருந்த ஜெனரல் ஜிஹாத் அல்-ஜாபிரி இந்தக் கருவியை வெளிப்படையாகவே தாங்கிப் பேசினார்; பிறகு லஞ்ச வழக்கில் சிறைக்குப் போனார். மெக்கார்மிக்குக்கு 2013-ல் லண்டன் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது.

என்னை அதிகம் கோபப்படுத்துவது இதற்கு அப்புறம் நடந்ததுதான். விற்றவர் ஜெயிலில் இருக்கும்போதும் பாக்தாத் சாவடிகளில் அதே கருவியை வைத்துக்கொண்டு வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 2016 ஜூலை 3 அன்று கர்ராதா கடைவீதியில் குண்டு வெடித்து, ரம்ஜான் இரவில் கடைக்கு வந்திருந்த 300-க்கும் மேற்பட்டோர் செத்த பிறகுதான் பிரதமர் அபாதி அவற்றைத் திரும்பப் பெற உத்தரவிட்டார்.

கேள்வி: சரி, ராணுவத்துக்கு ஆயுதம் வாங்கியதிலாவது ஒழுங்கு இருந்ததா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அது இன்னும் மோசம். 2004 ஜூன் 28 அன்று இடைக்கால அரசு பொறுப்பேற்றது, கலைக்கப்பட்ட ராணுவத்தை உடனே கட்டி எழுப்ப வேண்டும் என்ற நெருக்கடி. அதன்பின் சுமார் எட்டு மாதங்களில் பாதுகாப்பு அமைச்சகம் போட்ட 89 ஒப்பந்தங்களை இராக்கின் உச்ச தணிக்கை வாரியம் பரிசோதித்தது. மொத்தம் ஏறத்தாழ 127 கோடி டாலர்.

அவசரம் என்ற பெயரில் முறையான டெண்டர் இல்லை. ஆயுதம் செய்கிற நிறுவனத்தோடு நேரடியாகப் பேசாமல் இடைத்தரகர்களோடு ஒப்பந்தம், சரக்கு கைக்கு வரும் முன்பே பணம். முழுப் பணமும் போன பிறகு சரக்கு மட்டமாக இருந்தால் யாரிடம் போய்க் கேட்பது? போலந்திலிருந்து வரவேண்டிய ஹெலிகாப்டர்களைப் பார்க்கப் போன இராக்கியர்கள், அவை ஓடித் தேய்ந்த சோவியத் காலத்துப் பழசு என்று கண்டு வேண்டாம் என்றார்கள். அதே நேரம் புதிதாகச் சேர்ந்த சிப்பாய்கள் சரியான கவசமும் வண்டியும் இல்லாமல் கிளர்ச்சியாளர்களோடு மோத அனுப்பப்பட்டார்கள். அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஹாசிம் ஷாலான் மீது வழக்கு வந்தது. அவர் எல்லாவற்றையும் மறுத்தார். அவர் நேரில் இல்லாமலேயே தண்டனையும் அறிவிக்கப்பட்டது.

கேள்வி: தட்டிக் கேட்க ஒருவர்கூட இல்லையா?
– வாசகர், ஈரோடு

பதில்: இருந்தார்கள், அதற்கு உயிரையும் கொடுத்தார்கள். ஊழல் தடுப்பு ஆணையத்தின் தலைவராக இருந்த நீதிபதி ராதி அல்-ராதி, 2007-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னபோது, தம் ஊழியர்களில் 31 பேர் கொல்லப்பட்டதாகக் கூறினார். அதன்பின் அவரும் ஊர் திரும்ப முடியவில்லை, அமெரிக்காவிலேயே அடைக்கலம் தேடினார். கொலைமிரட்டல் ஒரு பக்கம் என்றால் சட்டம் இன்னொரு பக்கம்: இராக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 136(பி) பிரிவின்படி, ஓர் அமைச்சகத்தின் அதிகாரி மீது அவருடைய பணி சார்ந்த வழக்கை விசாரணைக்கு அனுப்ப அந்த அமைச்சரே அனுமதி தரவேண்டும். அந்தப் பிரிவு 2011-ல்தான் நீக்கப்பட்டது.