வால்வை மூடினால் ‘டமார்’ என்று அடிக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் ஐயா. திருகோணமலை, கன்னியாப் பக்கம் மேட்டுக்காணியில் கத்தரியும் மிளகாயும் வைத்திருக்கிறேன். கிணற்றிலிருந்து 300 மீற்றர் தூரத்துக்கு 2 அங்குல பிவிசி பைப், டைப் 600. தண்ணீர் விட்டு முடிந்து, ‘போல் வால்வை’ (உள்ளே பந்து வைத்த வால்வு) மூடினால் ‘டமார்’ என்று அடிக்கிறது. ஒரே எல்போ (பைப் திரும்பும் வளைவு மூட்டு) மூன்று தரம் கழன்றுவிட்டது. டைப் 1000 பைப்பாக மாற்றினால் சரிவருமா?

பதில்: தம்பி, காசைக் கொட்ட முன்னர் கொஞ்சம் பொறுங்கள். தண்ணீரை நிறுத்துகிற விதத்தை முதலில் பார்ப்போம்.

உங்கள் பைப்புக்குள் ஏறக்குறைய 600 லீற்றர் தண்ணீர் இருக்கிறது. அதாவது 600 கிலோ, கிட்டத்தட்டப் பத்து மூடை நெல்லின் பாரம். அது வினாடிக்கு ஒன்றரை மீற்றர், ஆள் எட்டி நடக்கிற வேகத்தில் வருகிறது என்று வைப்போம். போல் வால்வு கால் சுற்றிலேயே மூடிவிடும். ஓடிவந்த பாரம் முழுவதும் அங்கே மோதி, அந்த அடி அலையாகப் பின்னோக்கிப் போகும். பிவிசியில் அதன் வேகம் வினாடிக்கு 400 மீற்றர் அளவில். கிணற்றடிக்குப் போய்த் திரும்ப ஒன்றரை வினாடி. அதற்குள் மூடினால் முழு அடியும் விழும், ஏறத்தாழ 6 பார் (அழுத்தத்தின் அலகு). மோட்டரின் அழுத்தம் வேறு அதோடு சேரும். டைப் 600 பைப் தாங்கும் அளவே 6 பார்தான். தண்ணீர் திரும்புகிற எல்போவில் தள்ளுவிசை விழுவதால் அது முதலில் விடுகிறது.

டைப் 1000 தாங்கும். ஆனால் சுவர் தடித்தால் பைப் விரிந்து கொடுக்காது, அடி இன்னும் கொஞ்சம் கூடும். தினமும் அடி வாங்கினால் ஒட்டிய மூட்டு அதிலும் விடலாம்.

ஆகவே வால்வை 15 வினாடி எடுத்து மூடுங்கள். கடைசிக் கால்பங்கில்தான் ஓட்டம் சட்டென்று நிற்கும், அங்கே கை மிக மெதுவாகப் போகட்டும். பொறுமை இல்லாத பிள்ளைகள் தண்ணீர் கட்டுவார்கள் என்றால் கேற் வால்வு போடுங்கள், பல சுற்றுச் சுற்றித்தான் அதை மூட முடியும். அடுத்த பாத்தியின் வால்வைத் திறந்த பிறகே முந்தினதை மூட வேண்டும். நம் பக்கத்தில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வேகத்தை நீங்களே அளக்கலாம். 200 லீற்றர் பரல் ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் 2 அங்குலத்துக்கு அது அதிகம். என்றாவது பைப் மாற்றுவதானால் தடிப்பைவிட அகலத்தைப் பாருங்கள். 3 அங்குலத்தில் அதே தண்ணீர் பாதிக்கும் குறைந்த வேகத்தில் போகும், அடியும் அவ்வளவுக்குக் குறையும்.

அப்புறம், கரண்ட் போகிற நேரம். அப்போது வால்வைப் பிடிக்க யாரும் இருக்கமாட்டார்கள். மேலேறிய தண்ணீர் திரும்பி வந்து மோதும். மோட்டருக்கு அடுத்து ஸ்பிரிங் வைத்த நொன்ரிட்டேர்ன் வால்வு போட்டால், தண்ணீர் திரும்ப முன்னரே அது மூடிக்கொள்ளும். பைப் மேடேறி இறங்கும் இடத்தில் காற்றை வெளியே விடும் ஒரு எயர் வால்வும் வேண்டும். வெறும் பைப்பை நிரப்பும்போது வால்வைக் கொஞ்சமாகத் திறந்து காற்று முழுவதும் போக விடுங்கள்.

எல்போவைத் துடைத்துக் காயவைத்து ஒட்டி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் விடாமல் வையுங்கள். அதன் வெளிவளைவில் கெட்டி மண்ணோடு முட்டும்படி ஒரு கொங்கிறீட் கட்டை போடுங்கள். வெயிலில் கிடக்கும் பைப்பை ஒன்றரை அடி தாழ்த்துப் புதைத்துவிடுங்கள், சூடேறினால் பிவிசியின் பலம் குறையும்.