அமெரிக்கக் கல்லூரியில் முதலாண்டு இலக்கியம்: கட்டுரை, கிரேடு, சில கேள்விகள்

இலக்கணப் பிழையே இல்லை. நான்கு பக்கம் எழுதியும் 'சி' தான் வந்தது. ஏன்?

பெரும்பாலும் கதைச்சுருக்கம் எழுதியிருப்பீர்கள். திருத்துபவர் கதையைப் படித்தவர். அவர் தேடுவது 'தீசிஸ்', அதாவது ஒருவர் மறுத்துப் பேச இடமுள்ள வாதம். வழக்கமாக அது முதல் பத்தியின் கடைசியில் வரும்.

இந்த வகுப்புகளில் அடிக்கடி வைக்கப்படும் கேட் ஷோபனின் 'தி ஸ்டோரி ஆஃப் அன் அவர்' (1894) கதையையே பாருங்கள். 'கணவன் இறந்த செய்தி கேட்டு மிஸஸ் மல்லார்ட் அழுகிறாள், பிறகு மகிழ்கிறாள்' என்பது சுருக்கம். 'விடுதலை திறந்த சன்னல் வழியாக வந்தாலும், கதவைச் சாத்திக்கொண்டால்தான் அவளால் அதை அனுபவிக்க முடிகிறது' என்பது வாதம்.

அதற்குச் சான்று கதையின் சொற்களிலேயே வேண்டும். அந்த விடுதலை உணர்வு வானத்திலிருந்து 'ஊர்ந்து' வருவதாக ஷோபன் எழுதுகிறார். அவளும் பயத்தோடுதான் காத்திருக்கிறாள். மகிழ்ச்சிக்கு ஏன் இப்படியொரு வினைச்சொல்? இதை இரண்டு மூன்று வாக்கியங்களில் விளக்கினால் மதிப்பெண் ஏறும். மேற்கோளைப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குத் தாவினால் ஏறாது. கதையில் நடப்பதை நிகழ்காலத்திலேயே எழுதுங்கள்.

எம்.எல்.ஏ. (Modern Language Association வகுத்த கட்டுரை அமைப்பு முறை) வடிவத்தில் எங்கே மதிப்பெண் போகிறது?

சில்லறை விஷயங்களில்தான். தாளின் நான்கு புறமும் 1 அங்குல ஓரம், முழுக்க இரட்டை வரி இடைவெளி. பத்திகளுக்கு நடுவே வேர்ட் தானாகச் சேர்க்கும் கூடுதல் இடைவெளியை நீக்கிவிடுங்கள். தலைப்புக்குத் தடித்த எழுத்து வேண்டாம். மேற்கோளுக்குப் பின் அடைப்புக்குள் ஆசிரியரின் குடும்பப் பெயரும் பக்க எண்ணும் போதும், நடுவில் காற்புள்ளி கூடாது. உரைநடை மேற்கோள் நான்கு வரியைத் தாண்டினால் அரை அங்குலம் உள்தள்ளி, மேற்கோள் குறி இல்லாமல் தனியே நிறுத்துங்கள். பக்கத் தலைப்பில் குடும்பப் பெயர் கேட்பார்கள். இனிஷியல் வைத்துப் பழகிய நம்மவர்கள் கல்லூரிப் பதிவில் உள்ளபடியே போட்டுவிடுவது நல்லது.

ஒரு கட்டுரை கொடுக்கவில்லை. மற்றதெல்லாம் 90. 'பி' வருமா?

மொத்த மதிப்பெண்ணில் அந்தக் கட்டுரைக்கு 20 விழுக்காடு என்றால், மிச்ச 80-இல் 90 விழுக்காடு 72. பல கல்லூரிகளில் அது 'சி மைனஸ்'. தாமதக் கழிவு போக அதே கட்டுரைக்கு 55 கிடைத்திருந்தாலும் 11 சேர்ந்து 83 ஆகும், 'பி' வந்துவிடும். அரைகுறையாக இருந்தாலும் கொடுத்துவிடுங்கள். பூஜ்யத்தைப் போல இழுத்துத் தள்ளுவது வேறில்லை. தாமதத்துக்கு எவ்வளவு கழிப்பார்கள், எத்தனை நாளுக்குப் பின் வாங்கவே மாட்டார்கள் என்பதெல்லாம் சிலபஸில், அதாவது வகுப்பின் விதிகளும் சேர்த்து ஆசிரியர் தரும் பாடத்திட்டத்தில் இருக்கும். அதை முதல் வாரமே படியுங்கள்.

மறுமதிப்பீடு கேட்கலாமா?

நம்மூர்போல் பணம் கட்டி விண்ணப்பிக்கும் வழக்கம் அங்கில்லை. ரூப்ரிக்கை (எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று காட்டும் அட்டவணை) கையோடு எடுத்துக்கொண்டு, மாணவர்களைச் சந்திக்க ஆசிரியர் ஒதுக்கும் ஆபிஸ் நேரத்தில் போய், 'சான்று என்ற வரிசையில் எனக்கு ஏன் குறைந்தது?' என்று கேளுங்கள். 'மார்க் போடுங்கள்' என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். திருத்தி எழுத அனுமதித்தால் வாதத்தைத் திருத்துங்கள். காற்புள்ளியை மட்டும் மாற்றிக் கொடுத்தால் பழைய கிரேடுதான் திரும்பி வரும்.