கேமராவுக்கு கரெண்ட் இருக்கு, பல்புக்கு இல்லையா?

கேள்வி: எங்களுக்கு தருமபுரி பக்கம் ஒரு கிராமம். அப்பா இல்ல, அம்மாவுக்கு 64 வயசு, நான் ஓசூர்ல கம்பெனி வேலை. ஊர்ல நாலு வெண்பன்னி வச்சிருக்கோம். மார்ச் 2 ஆண் பன்னியோட சேர்த்த பன்னி ஜூன் 23 ராத்திரி 11 குட்டி போட்டுச்சு. சாயந்தரம் அஞ்சு மணிக்கே அம்மா போன் பண்ணி காம்புல பால் வருதுன்னு சொன்னாங்க. விடியறதுக்குள்ள அஞ்சு குட்டி போயிடுச்சு. ஒண்ணு செத்தே பொறந்துது, ரெண்டை தாய் படுத்து நசுக்கிடுச்சு, ரெண்டு காலைல வெறச்சுக் கிடந்துது. கொட்டாயில மாட்டின கேமராவுல பாத்துக்கிட்டுதான் இருந்தேன், அம்மா டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு ஒரே ஆளா கஷ்டப்பட்டாங்க. வயசாயிடுச்சு, அவங்களால முடியல. கருப்பைய சுருங்க வைக்கற ஆக்சிடோசின் ஊசி போட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்ங்கறாங்க, எவ்ளோ போடணும்? இல்ல சம்பளத்துக்கு ஆள் வச்சிடலாமா?

பதில்: தம்பி, வயசுல சின்னவன், நீன்னே எழுதறேன். இந்த மாதிரி கடுதாசி எனக்கு நிறைய வருது, எல்லாத்துலயும் கடைசி வரி எந்த ஊசி எவ்ளோ டோஸ்ங்கறதுதான். குட்டி செத்ததுக்கு வருத்தப்படாத, அடுத்த ஈத்துல சரியாயிடும்னு எழுதுவேன்னு எதிர்பார்த்திருப்ப. எழுதப் போறதில்ல. அப்படியே விட்டா அடுத்த ஈத்துலயும் இதேதான் நடக்கும்.

உன் கடுதாசில ஒரு வரிய மட்டும் நான் நாலு தடவ படிச்சேன். டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு. போற போக்குல எழுதிட்டுப் போயிட்ட. அந்த கேமராவுக்கு கரெண்ட் எங்கிருந்துப்பா வந்துச்சு? கொட்டாய் வரைக்கும் லைன் இழுத்திருக்க, அதுல ஒரு ஹோல்டர் மாட்டி ஒரு பல்பு போடத் தோணல, ஓசூர்ல படுத்துக்கிட்டு போன்ல பாக்கறதுக்கு மட்டும் வழி பண்ணிட்ட. கேமராவுக்கு இருட்டுலயும் கண்ணு தெரியும், உன் அம்மாவுக்குத் தெரியாது. 64 வயசுல தரையில குந்திக்கிட்டு, வாயில டார்ச்சு, ரெண்டு கையிலயும் வழுக்கற குட்டி, எச்சில் ஒழுகும், தாடை வலிக்கும், பக்கத்துல ஆள் இருந்தாலும் வாயத் தொறந்து கூப்பிட முடியாது. இத நீ லைவா பாத்திருக்க. பாத்துட்டு அவங்களால முடியலன்னு எனக்கு எழுதற.

சரி, அந்த வெளிச்சம் எங்க விழுந்திருக்கும்னு யோசி. அம்மா எங்க பாக்கறாங்களோ அங்க மட்டும்தான், அதாவது கையில இருக்கற குட்டி மேல. தாய்ப்பன்னியோட முதுகுப்பக்கம் கும்மிருட்டு. நடுவுல அது தண்ணிக்கோ வலியிலயோ எழுந்திருச்சு திரும்பப் படுக்கும், அப்ப பின்னாடி ஈரமா கிடக்கற குட்டி நகரத் தெரியாம மாட்டிக்கும், கத்தினாலும் எங்க கத்துதுன்னு தெரியாது. உன் ரெண்டு குட்டி அப்படித்தான் போயிருக்கும். சுவரோரமா தரையில இருந்து ஒரு முக்கால் அடி உயரத்துல, சுவர விட்டு முக்கால் அடி தள்ளி ஒரு இரும்பு பைப்ப குறுக்க போட்டிருந்தா தாய் சாயும்போது குட்டி அந்த சந்துல பூந்து தப்பிச்சிருக்கும்.

வெறச்சுப் போன ரெண்டும் அதே கதைதான். ஜூன் மாசத்துல என்ன குளிருன்னு கேப்ப. பொறந்த குட்டிக்கு 32ல இருந்து 35 டிகிரி சூடு வேணும், உடம்புல கொழுப்பும் கிடையாது மூடிக்க ரோமமும் கிடையாது, ஈரத்தோட சிமெண்ட் தரையில கிடந்தா உனக்கு இதமா இருக்கற 25 டிகிரியே அதுக்கு எமன். தாய்க்கோ அவ்ளோ சூடு ஆகாது, மூச்சு வாங்கும். அதனாலதான் கொட்டாய சூடாக்காம ஒரு மூலைய மட்டும் தடுத்து, வைக்கோலோ காஞ்ச சாக்கோ போட்டு, மேல சூடு வர்ற ஒரு குண்டு பல்போ இன்ஃப்ராரெட் லேம்போ தொங்க விடறது. சங்கிலியில தொங்க விடு, தாயோட வாய்க்கு எட்டக்கூடாது, வைக்கோலுக்கு ரொம்பக் கிட்டயும் வரக்கூடாது, வயர்ல தொங்கவிட்டு கொட்டாயே எரிஞ்சு போனத நான் சர்வீஸ்ல இருந்தப்ப பாத்திருக்கேன். ஒரு பல்பு, அதுல அம்மாவுக்கு வெளிச்சமும் குட்டிக்கு சூடும் சேர்ந்தே கிடைச்சிருக்கும்.

இப்ப ஊசிக்கு வரேன். டோஸ் சொல்ல மாட்டேன். 11 குட்டி போட்ட பன்னிக்கு முக்கறதுக்குத் தெம்பு இல்லன்னு யார் சொன்னது? சராசரியா கால் மணி இருவது நிமிஷத்துக்கு ஒண்ணு வரும், தலை முன்னாடி வந்தாலும் பின்னங்கால் முன்னாடி வந்தாலும் ரெண்டும் சகஜம்தான், மொத்தமா முடிய மூணு நாலு மணி நேரம் ஆனா அது தாமதமே இல்ல. கருப்பை வாய் தொறக்கறதுக்கு முன்னாடியோ, உள்ள குட்டி குறுக்க மாட்டியிருக்கும்போதோ அந்த ஊசியப் போட்டா கருப்பை கிழிஞ்சு தாயே போயிடும், தொப்புள்கொடி நசுங்கி உள்ளயே குட்டியும் போகும். சீக்கிரம் முடிச்சிட்டுப் போய் படுக்கலாம்னு போடற ஊசி இல்ல அது. முக்கிக்கிட்டே இருக்கு ஒரு மணி நேரமா ஒண்ணும் வரலன்னா டாக்டர கூப்பிடு, இல்ல கால்நடை ஆம்புலன்ஸ் 1962க்கு போன் போடு.

மத்தபடி அங்க நடக்கற வேலை எல்லாமே கைவேலை. குட்டி விழுந்த உடனே மூக்கு வாயில இருக்கற சவ்வ எடுக்கணும், காஞ்ச துணியால அழுத்தித் துடைக்கணும், தொப்புள்ல அயோடின் வைக்கணும், காம்புல கொண்டு போய் விடணும். சீம்பால் முதல் சில மணி நேரத்துலயே உள்ள போகணும், ஏன்னா பன்னிக்குட்டிக்கு வயித்துல இருக்கும்போது தாய்கிட்ட இருந்து நோய் எதிர்ப்பு சக்தி வராது, அந்தப் பால்லதான் வரும், ஒரு நாள் தாண்டிட்டா குடலு அத ஏத்துக்காது. ஒருத்தர் துடைக்கும்போது இன்னொருத்தர் தாய் மேல கண்ணு வச்சிருக்கணும். நாலு கை வேணும். அங்க ரெண்டு கைதான் இருந்துச்சு, அதுவும் இருட்டுல. அதுலயும் அந்தம்மா ஆறு குட்டிய உயிரோட எடுத்துக் குடுத்திருக்காங்க, நீ என்னடான்னா செத்த அஞ்சுக்குக் கணக்கு கேக்கற.

ஆள் வைக்கலாமான்னு கேட்டல்ல. தீவனம் காச்ச, கொட்டாய் கழுவ தாராளமா வை, அம்மாவோட முட்டியாவது தப்பிக்கும். ஆனா குட்டி போடற ராத்திரிக்குப் பெத்த பிள்ளைதான் வரணும்ங்கறது என்னோட கட்சி, பழைய காலத்து ஆளுன்னு சொன்னா சொல்லிக்கோ. அம்மா அஞ்சு மணிக்கே போன் பண்ணாங்கன்னு நீயே எழுதியிருக்க. பீச்சினா பால் வர ஆரம்பிச்சா ஒரு நாளுக்குள்ள குட்டி விழும்னு அவங்களுக்குத் தெரியும், உனக்கும் தெரியும். 'பால் வருதுடா'ன்னு ஒரு தாய் பிள்ளைக்கு போன் போட்டா அது வெறும் தகவலா? வாடான்னு வாயத் தொறந்து கேக்க மாட்டாங்க, கேட்டா உன் வேலை கெடும். ஓசூர்ல பஸ் ஏறினா ராத்திரிக்குள்ள ஊர்ல இருந்திருப்ப. திடீர்னு வந்துச்சுன்னும் சொல்ல முடியாது, சேர்த்த தேதிய குறிச்சு வச்சிருக்க, சினைக்கு 114 நாள் கணக்கு வச்சா ஜூன் 24, ஒரு நாள் முந்திப் போட்டிருக்கு, அவ்ளோதான்.

மிச்சம் இருக்கற ஆறு குட்டிக்கும் மூணாம் நாளே இரும்புச்சத்து ஊசி போட்டிருக்கணும், போடலன்னா இந்தக் கடுதாசியப் படிச்ச உடனே டாக்டர பாத்து போடு, இல்லன்னா ரத்தம் இல்லாம வெளுத்துப் போகும். ரெண்டு மாசத்துல பால மறக்கடிச்சா ஆகஸ்ட் கடைசியில தாய் சூட்டுக்கு வரும், அப்ப சேர்த்தா டிசம்பர் மூணாவது வாரத்துல குட்டி. மார்கழிக் குளிரு, ஜூன் மாதிரி இருக்காது. சேர்த்த அன்னைக்கே தேதிய எண்ணிப் பாத்து மூணு நாள் லீவு எழுதிக் குடுத்துடு. பல்பும் பைப்பும் அதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை வந்து மாட்டு, அப்படியே அம்மா உக்கார ஒரு சின்ன ஸ்டூல் வாங்கிட்டு வா.