வாசகர் கேள்வி – பதில்: சொரெண்டோவுக்கு ஒரு முழு நாள்

கேள்வி: எழுபது வயதைக் கடந்த என் அம்மாவுடன் இத்தாலி செல்லவிருக்கிறேன். பழைய ரோமானிய நகரமான பொம்பேயியையும் காப்ரி தீவையும் பார்ப்பதற்கு வசதியாகச் சொரெண்டோவில் தங்குகிறோம். அந்த ஊருக்குள்ளேயே பார்க்கத் தகுந்த பழமையான இடங்கள் உண்டா? அம்மாவால் நடந்து பார்க்க முடியுமா?

பதில்: உண்டு. சொரெண்டோவை இரவில் தங்குவதற்கான இடமாக மட்டும் கருதிவிடாமல் அதற்கென ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். எரிமலைச் சாம்பல் இறுகிக் கல்லாகிய உயரமான பாறைத்தட்டின் மேல் அந்த ஊர் அமைந்திருக்கிறது. ஒருபுறம் கடலை நோக்கிய செங்குத்துச் சரிவும் பக்கங்களில் ஆழமான பள்ளத்தாக்குகளும் அதற்கு இயற்கை அரணாக இருந்தன. ஆனாலும் 1558இல் ஒட்டோமான் துருக்கியரின் கடற்படை ஊரைச் சூறையாடிப் பலரைச் சிறைபிடித்துச் சென்றது. அதன்பின் கட்டி முடிக்கப்பட்ட மதிலின் எச்சத்தை ஊரின் தென்புறத்தில் இன்றும் காணலாம்.

பழைய நகரின் தெருக்கள் ரோமானியர் வகுத்த கட்டத்திட்டத்தின்படியே நேர்நேராகச் செல்வதாலும் பெரும்பாலும் சமதளமாக இருப்பதாலும் உங்கள் தாயார் மெதுவாக நடந்தே பார்த்துவிடலாம். 1544இல் இங்கே பிறந்த கவிஞர் தொர்குவாத்தோ தாசோவின் பெயரைத் தாங்கிய சதுக்கத்திலிருந்து தொடங்குங்கள். சிறிது தள்ளிப் பள்ளத்தாக்கின் அடியில், பெரணிச் செடிகள் மூடிய பழைய மாவரைக்கும் ஆலை தெரியும். சதுக்கம் அமைக்கப்பட்டபின் காற்றோட்டம் தடைபட்டு ஈரம் மிகுந்ததால் கைவிடப்பட்ட ஆலை அது.

அங்கிருந்து சான் செசாரியோ தெருவில் நடந்தால் செடிலே தோமினோவா வரும். பிரபுக்கள் கூடி ஊர் விவகாரங்களைப் பேசிய திறந்த மண்டபம் இது. மஞ்சளும் பச்சையுமான ஓடுகள் பதித்த குவிமாடத்தின் கீழ், சுவரோவியங்கள் சூழ, இன்று தொழிலாளர் நலச் சங்கத்து முதியவர்கள் சீட்டாடுகிறார்கள். ஊரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பூட்டிவைத்த நினைவுச்சின்னமாக இல்லாமல் புழக்கத்திலேயே இருப்பது அதன் பெருமை.

பேராலயத்தில், பலவண்ண மரத்துண்டுகளை இழைத்துச் சித்திரமாக்கும் உள்ளூர்க் கைத்திறனைக் கதவுகளில் அருகில் நின்று பாருங்கள். சான்ட் அந்தோனினோ ஆலயத்தின் முகப்பறையில் திமிங்கல எலும்புகள் இரண்டு இருக்கின்றன. திமிங்கலம் விழுங்கிய குழந்தையைப் புனிதர் மீட்டார் என்பது ஊர்க்கதை. அதற்கடுத்து சான் பிரான்செஸ்கோ மடத்தின் முற்றத்துக்குச் செல்லுங்கள். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் இரு பக்கங்களில் வளைவுகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுப் பின்னிக்கொண்டிருக்க, மற்ற இரு பக்கங்களில் எண்கோணத் தூண்கள் மீது எளிய அரைவட்ட வளைவுகள் நிற்கின்றன. ஒரே முற்றத்தில் இருவேறு பாணிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பக்கத்துப் பூங்காவில் அம்மா இளைப்பாறட்டும். எதிரே நேப்பிள்ஸ் வளைகுடாவும் வெசுவியஸ் எரிமலையும் தெரியும். கீழே கடற்கரைக்கு இறங்க அங்கேயே கட்டண மின்தூக்கி உண்டு.

ஆலயங்கள் நண்பகலில் சில மணி நேரம் மூடப்படுவதுண்டு என்பதால் அவற்றைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

கேள்வி: ஊருக்கு வெளியே உள்ள ரோமானிய மாளிகையின் இடிபாடுகளுக்கு அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

பதில்: வேண்டாம். கப்போ முனையிலுள்ள அந்த இடத்துக்குச் செல்லும் பாதை கரடுமுரடான கற்சரிவு. நீங்கள் மட்டும் சென்று வாருங்கள். ரோமானியக் கவிஞர் ஸ்டாடியஸ் பாடிய பொல்லியஸ் பெலிக்ஸ் என்ற செல்வரின் மாளிகை இதுவே என்று பலர் கருதுகின்றனர். பாறை வளைவு ஒன்றின் வழியாகக் கடல்நீர் உட்புகுந்து தேங்கும் இயற்கைக் குளம் அங்கே இருக்கிறது. நேப்பிள்ஸை ஆண்ட ஜியோவன்னா அரசி அதில் நீராடினாள் என்று உள்ளூரில் சொல்கிறார்கள். நீந்தத் தெரிந்தால் கோடையில் நீங்களும் இறங்கலாம். பாறைகள் வழுக்கும் என்பதால் பிடிப்பான காலணி அணிந்து செல்லுங்கள்.